வாய்மடையும் கடைமடையும்: பொருநையின் போக்கில் ஒரு வரலாறு



1999ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் உயிரிழந்த 17 பேரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அந்த நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆறு ஒரு சம்பவ இடமாக மட்டுமே வந்துபோகிறது. ஊர்வலம், தடியடி, தண்ணீர், பிணங்கள் என்று நான்கு சொல்லில் முடித்துவிடுகிறோம். இன்று வேறு விதமாகப் பார்க்கலாம். ஆற்றை அது பிறக்கும் மலையிலிருந்து கடல் வரை பின்தொடர்வோம். வழியில் யார் பெயர் நிற்கிறது, யார் பெயர் நிற்கவில்லை என்று கேட்டுக்கொண்டே போவோம். அந்த ஜூலை நாள் தற்செயலாக ஆற்றங்கரையில் நடந்ததா, ஆற்றின் வரலாற்றிலிருந்தே வந்ததா என்பது அப்போது விளங்கும்.

1. மலை

பொதிகையில் அகத்தியமலையை ஒட்டிய பூங்குளத்தில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இந்த ஆறு பிறக்கிறது. புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேரும் வரை இதன் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். காவிரியை நினைத்தால் சிறிய ஆறுதான். ஆனால் தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேரும் ஆறு. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரை, பிறப்பிடமும் கழிமுகமும் ஒரே மாவட்டத்துக்குள் இருந்தன.

ஆண்டு முழுவதும் இதில் நீர் ஓடுவதற்கு மழைதான் காரணம். ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை மலைமுகட்டில் பெய்கிறது. அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழை மலையிலும் சமவெளியிலும் பெய்கிறது. முதல் மழையை நம்பிக் கார் சாகுபடி, இரண்டாம் மழையை நம்பிப் பிசானம். இந்தப் பள்ளத்தாக்கின் செல்வம், கோயில், அக்ரகாரம், பண்ணை எல்லாம் இந்த இரண்டு போகத்தின்மேல் எழுந்தவை.

மலைக்குள் பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு ஆகியவை சேர்கின்றன. பாணதீர்த்தத்தில் விழும் நீர் காரையாற்று அணைக்குள் வருகிறது. பாபநாசம் அணை என்று ஊரில் சொல்வது இதைத்தான். இதன் நீர்மட்ட அளவு 143 அடி. பக்கத்துச் சேர்வலாறு அணை 156 அடி. 1940களில் இங்கே நீர்மின் நிலையம் வந்தது. அணைகளைச் சுற்றிய காட்டில் காணிக்காரர் குடியிருப்புகள் இருக்கின்றன. ஆற்றின் முதல் குடிகள் அவர்கள்தாம். ஆனால் ஆறு பிறந்த கதையில் அகத்தியரும் அவருடைய கமண்டலமும் வருகிறார்கள்; காணிகள் வருவதில்லை.

இதே மலைத்தொடரின் இன்னொரு மடிப்பிலிருந்து மணிமுத்தாறு இறங்குகிறது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருக்கின்றன மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. காட்டை வெட்டித் தேயிலை வைத்தவர்களில் பெரும்பான்மையோர் கீழேயிருந்த சேரிகளிலிருந்து போன தலித் மக்கள். அவர்களுக்கு முந்தைய தலைமுறைகள் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் போயிருந்தார்கள். வயலில் பண்ணையாளாக இருந்தவர்கள் மலையில் லயத்துக்காரர்கள் ஆனார்கள். நிலம் இரண்டு இடத்திலும் அவர்களுடையதாக இல்லை. மலையை விட்டு இறங்குமுன் மாஞ்சோலை என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம்.

2. பாபநாசம்

ஆறு மலையிறங்கிச் சமவெளியைத் தொடும் இடம் பாபநாசம். அருவிக்குக் கீழே பாபவிநாசர் கோயில், படித்துறை, ஆடி அமாவாசைக் கூட்டம். 2018 அக்டோபரில் மகா புஷ்கரம் என்ற பெயரில் இலட்சக்கணக்கானோர் இந்த ஆற்றில் நீராடினார்கள். இங்கே மூழ்கினால் பாவம் தொலையும் என்பது நம்பிக்கை. எந்தப் பாவம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பகல் முழுவதும் சேற்று நீரில் நின்று நாற்று நட்டவர்கள் மாலையில் குளிக்க, பல ஊர்களில் ஊர்ப் படித்துறைக்குக் கீழே, நீர் ஓடிப்போகும் பக்கமாகத் தனித்துறைக்குப் போக வேண்டியிருந்தது. நெல்லுக்குப் பாயும்போது தீட்டாகாத நீர், படித்துறையில் மட்டும் தீட்டாயிற்று.

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில், இதற்கு வேறொரு பதில் இருக்கிறது. சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னிதி உண்டு. வேண்டிக்கொண்டவர்கள் அங்கே செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். எந்தப் பெருங்கோயில் வாசலிலும் கழற்றி விடச் சொல்லும் பொருள், இங்கே சாமிக்கு முன்னால் தொங்குகிறது. காரணம் முத்துப்பட்டன் கதை. பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், வாலப்பகடையின் பெண்மக்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கக் கேட்கிறான். பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, செருப்புத் தைத்து, மாடு காத்து அந்தக் குலத்தானாகவே வாழ்கிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் தீயில் இறங்குகிறார்கள். வில்லுப்பாட்டில் வழங்கிய இந்தக் கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்தார்.

வானமாமலையின் ஆய்வில் நமக்கு முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது. பிற்காலக் கதை வடிவங்களில் அந்தப் பெண்கள் இருவரும் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கிடைத்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று மாற்றிவிட்டார்கள். முத்துப்பட்டன் சாதியைத் துறந்தது பலருக்குப் பொறுக்கவில்லை. சாமியைக் கும்பிடுவதையும் விட முடியவில்லை. ஆகவே கதையின் பிறப்புச் சான்றிதழைத் திருத்திவிட்டார்கள். நம் வரலாறு எப்படி அழிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. யாரும் ஏட்டைக் கொளுத்தவில்லை. ஓர் அடியை மட்டும் மாற்றினார்கள்.

பாபநாசத்தின் அருவி 1880களில் இன்னொரு வேலைக்கும் வந்தது. ஹார்வி சகோதரர்கள் நீரின் விசையைக் கொண்டு இங்கே பஞ்சாலை நடத்தினார்கள். விக்கிரமசிங்கபுரம் ஆலைத் தொழிலாளர் ஊராயிற்று. பண்ணையின் களத்துமேட்டில் நெல்லாக அளந்த கூலி, இங்கே மாதச் சம்பளமாகக் கைக்கு வந்தது. பண்ணைக்கு வெளியே ஒரு பிழைப்பு இருக்கிறது என்பதை இந்தப் பள்ளத்தாக்கில் முதலில் காட்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

1925 ஜூனில் இதே அருவியில் வ. வே. சு. ஐயர் தம் மகளைக் காப்பாற்ற முயன்று உயிரிழந்தார். அவர் நடத்திய குருகுலம் ஆற்றின் கரையிலேயே, சேரன்மாதேவியில் இருந்தது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்ததை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய போராட்டம் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்டது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமல்ல. ஆனால் அந்த விவாதத்தின் நடுவில் இருந்தது பிராமணர், பிராமணரல்லாதார் பந்தி. பந்திக்கு அரிசி விளைவித்தவர்களின் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்பது அதன் மையக் கேள்வியாக இல்லை. அதே காலத்தில், 1924இல், சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுத் தெரு, கிணறு, குளம் ஆகியவை எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் நீரள்ளிக் குடித்தார். சேரன்மாதேவியைப் படிக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

3. எட்டு அணைக்கட்டு

பாபநாசத்துக்குக் கீழே ஆறு தானாக ஓடுவதில்லை, ஓட்டப்படுகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து கோடகன் கால், பாளையங்கால், திருநெல்வேலிக் கால் என்று 11 கால்வாய்கள் பிரிகின்றன. வழியில் மணிமுத்தாறும், திருப்புடைமருதூரில் கடனாநதியும், அதற்குக் கீழே பச்சையாறும், சீவலப்பேரியில் சிற்றாறும் வந்து சேர்கின்றன. மொத்தப் பாசனம் 86,107 ஏக்கர். கடைசி இரண்டு அணைக்கட்டுகளான மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் மட்டுமே அதில் 46,107 ஏக்கருக்குப் பாய்கின்றன. பாதிக்கு மேற்பட்ட வயல் கடைமடையில் இருக்கிறது. மேலே உள்ள வாய்மடைகள் எடுத்துக்கொண்ட பிறகுதான் அங்கே நீர் வரும்.

கன்னடியன் கால் வெட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் தமக்குக் கிடைத்த பொன்னை நல்ல காரியத்துக்குச் செலவிட விரும்பி அகத்தியரிடம் வழி கேட்டாராம். ஒரு பசுவின் பின்னால் போகச் சொன்னாராம் முனிவர். பசு நடந்த வழியில் கால்வாய், நின்ற இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். பொன் கொடுத்தவருக்கு இடம் இருக்கிறது, முனிவருக்கு இருக்கிறது, பசுவுக்கும் இருக்கிறது. மண் வெட்டியவருக்கும் கல் சுமந்தவருக்கும் கதையில் இடமில்லை. வாட்டம் பார்த்துக் கால்வாய் இழுப்பது எளிய வேலையன்று. ஒரு முழம் தவறினால் நீர் ஏறாது. அந்தக் கணக்கைப் பசு போட்டிருக்க முடியாது.

கணக்குப் போட்டவர்களின் வழியினர் அண்மைக்காலம் வரை ஊர்தோறும் இருந்தார்கள். மடை திறந்து, அடைத்து, வயலுக்கு வயல் நீர் பாய்ச்சியவர்களை நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கொரு பெயரில் அழைத்தார்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த மடைக்கு எத்தனை பலகை என்பது அவர்கள் மனக்கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் பழைய ஆவணங்கள் பள்ளர் என்றெழுதிய, 2021இல் நாடாளுமன்றச் சட்டம் தேவேந்திரகுல வேளாளர் என்று பெயர் ஏற்ற மக்கள். நீரின் சாவி அவர்கள் கையில் இருந்தது. நீர் பாய்ந்த நிலம் அவர்கள் கையில் இல்லை.

வரலாற்றாய்வாளர் டேவிட் லட்டன் 1985இல் வெளியிட்ட திருநெல்வேலி விவசாய வரலாற்றில் இந்த மாவட்டத்தை நீர்வளப் பகுதி, கலப்புப் பகுதி, வறண்ட பகுதி என்று பிரித்துக் காட்டுகிறார். சாதியின் பிடி மிக இறுகியிருந்தது நீர்வளப் பகுதியில்தான். நிலத்தின் மிராசு பிராமணர்களிடமும் வெள்ளாளர்களிடமும் கோயில், மடங்களிடமும் இருந்தது. ஏர் பிடிப்பதும் நடுவதும் அறுப்பதும் தீண்டப்படாதவர் வேலை. இரண்டு போகம் விளையும் வயலுக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆளை ஊரைவிட்டுப் போகாமல் பிடித்துவைக்க அடிமைமுறை வேண்டும். வறண்ட கரிசலில் மழை பொய்த்தால் குடியானவன் ஊரைவிட்டுப் போகலாம். வற்றாத ஆற்றின் கரையில் பண்ணையாளுக்கு அந்த வழியும் இல்லை. 1819இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்ட ஆட்சியர்களிடம் அடிமைமுறை பற்றி அறிக்கை கேட்டபோது, கேட்கப்பட்ட மாவட்டங்களில் திருநெல்வேலியும் ஒன்று. ஆற்றின் வளம் அங்கே வாழ்ந்த எல்லாருக்கும் வளமாக இருந்ததில்லை என்பதை நாம் அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

4. பாலம்

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றின் குறுக்கே நிற்கிறது சுலோச்சன முதலியார் பாலம். அவர் தம் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தது. திறந்த ஆண்டு 1843. அதே 1843இல்தான் கம்பெனி அரசு அடிமைமுறைக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கிய ஐந்தாம் சட்டத்தைக் கொண்டுவந்தது. பாலத்தின் ஆண்டு ஊருக்குத் தெரியும். சட்டத்தின் ஆண்டு தெரியாது. பாலம் உடனே பயன்பாட்டுக்கு வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. பண்ணையாள் முறை கடன், முன்பணம், குடியிருக்கும் மனை என்ற வடிவங்களில் அதன் பிறகும் நீடித்தது.

பாலத்துக்குப் பக்கத்தில், கொக்கிரகுளத்தில், ஆற்றை ஒட்டியே மாவட்ட ஆட்சியர் அலுவலகம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், போராடிச் சிறைப்பட்டிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் ஊர்வலம் அங்கே வந்தது. புதிய தமிழகம் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமியோடு வேறு கட்சித் தலைவர்களும் வந்திருந்தார்கள். காவல்துறை தடியடி நடத்தியது. ஒரு பக்கம் தடி, மறுபக்கம் ஆறு. ஓடியவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள். அதில் இருவர் பெண்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒன்று. நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் அறிக்கை காவல்துறையைக் குற்றவாளியாக்கவில்லை. ஆர். ஆர். சீனிவாசன் எடுத்த ஆவணப்படம் ‘ஒரு நதியின் மரணம்’ அந்த நாளின் சாட்சியாக நிற்கிறது.

இப்போது மலையிலிருந்து வந்த வழியைத் திரும்பிப் பார்ப்போம். மாஞ்சோலையில் பெய்யும் மழை மணிமுத்தாறாக இறங்கி, தாமிரபரணியில் கலந்து, கொக்கிரகுளத்தைக் கடக்கிறது. கூலி கேட்டு இறங்கி வந்த தொழிலாளர்களும் அதே வழியில்தான் வந்தார்கள். ஆற்றின் தலையில் உழைத்தவர்களின் கோரிக்கை ஆற்றின் நடுவில் அடிபட்டது. இதைத் தற்செயல் என்று சொல்ல நம்மால் முடியவில்லை. நிலத்தில் உரிமை இல்லாமல் நீரோடு மட்டும் கட்டிவைக்கப்பட்ட மக்களின் நீண்ட கதையில் அது ஒரு நாள். 2024இல் அந்த நிறுவனம் தோட்டத்தை மூடுவதாக அறிவித்து, தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் போகச் சொன்னது. 2028இல் முடியும் குத்தகைக்கு முன்பே, நான்கு தலைமுறை வாழ்ந்த வீடுகளைக் காலி செய்யும் நிலை வந்தது. காடு காடாகத் திரும்ப வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. காட்டை வெட்ட அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கீழே ஒரு துண்டு நிலம் உண்டா என்பதே கேள்வி. வருவாய்த்துறை நிலம் வழங்கிய காலங்களில் பெரும்பாலும் தரிசைத்தான் வழங்கியது. நஞ்சையெல்லாம் முன்பே யாரோ ஒருவர் பட்டாவில் இருந்தது.

5. கடைமடை

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1873இல் ஆங்கிலேயர் முடித்தது. எட்டில் கடைசி, வயதிலும் இளையது. அதன் அருகில் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டிய பொருள்கள் பெர்லினுக்குப் போயின. பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். கொஞ்ச தூரத்தில் சிவகளை. அங்கே முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பொருநை நாகரிகம் என்ற சொல் அன்றிலிருந்து எல்லார் வாயிலும் வழங்குகிறது.

தாழிகள் வெளிவந்ததும் சாதிகளும் வரிசையில் வந்துவிட்டன. ஒவ்வொருவரும் அந்த எலும்பு தம் பாட்டனுடையது என்கிறார்கள். அரச குலம் நாங்களே என்கிறார்கள். நம்மவர்களிடமும் இந்த ஆசை இருக்கிறது. இழிவு சுமத்தப்பட்ட மக்கள் உயர்வைத் தேடுவது இயல்பு. அதை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால் ஒன்றைக் கேட்டு வைப்போம். அரசன் நம் பாட்டன் என்று நிறுவினால், அந்த அரசன் காலத்தில் ஏர் ஓட்டியவன் யார் பாட்டன்? தாழியில் கிடைத்தது கிரீடமல்ல, உமி. நெல்லை விதைத்து, நீர் கட்டி, அறுத்து, குத்தியவர்கள் விட்டுப்போன தடம் அது. உழைப்பின் வழியில் நாம் கேட்கும் உரிமைக்கு எந்தக் கல்வெட்டின் சான்றும் தேவையில்லை. அது யாரையும் கீழே தள்ளாமல் கேட்கக்கூடிய உரிமை.

இன்னும் கீழே கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் அது. மலையிலிருந்து வந்த வண்டல் சேர்ந்து கடல் விலகிப்போய், இன்று சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவில் கிடக்கிறது. அதன் பிறகு காயல், இப்போது கழிமுகம் புன்னைக்காயல். ஆறு தன் வாயையே மாற்றிக்கொள்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. கோடையில் நீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களுக்கே அன்று ஆறு முழுதாக வந்து சேர்ந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தபோது, பக்கத்துப் புதுக்குடி மக்கள் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். வெள்ளத்தில் தாமே தத்தளித்துக்கொண்டிருந்த ஊர் அது.

6. நம் வேலை

வழியெல்லாம் பார்த்துவிட்டோம். முனிவர், பசு, பொன் கொடுத்தவர், பாலம் கட்டியவர், தோண்டிய துரை என்று பெயர்கள் நிற்கின்றன. மடை திறந்தவர், தேயிலை வைத்தவர், ஆற்றில் விழுந்தவர் பெயர்கள் நிற்கவில்லை. அவை தாமாக அழியவில்லை. எழுதுகிறவர்கள் எழுதவில்லை, அவ்வளவே. ஆகவே எழுதுவது நம் வேலை.

மூன்று காரியங்களை இந்த அவையின் முன் வைக்கிறோம். முதலாவது, 11 கால்வாய்களிலும் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர்களை ஊர் ஊராகப் போய்க் கண்டு, அவர்கள் சொல்லும் மடைக்கணக்கையும் கூலிக்கணக்கையும் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலைக்கு இப்போது ஆள் குறைந்துவிட்டது. பத்து ஆண்டு கழித்துக் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். இரண்டாவது, மாஞ்சோலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குடும்பமும் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யார் கூட்டிப்போய் மலையேறியது என்று எழுதிவைக்க வேண்டும். நாளை நிலம் கேட்கும்போது அதுவே நம் பட்டா. மூன்றாவது, கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் 17 பெயர்களும் வெட்டிய ஒரு கல் நிற்க வேண்டும். பாலத்துக்குப் பணம் கொடுத்தவர் பெயர் நிற்கிற அதே கரையில், அதே எழுத்தளவில், அது நிற்க வேண்டும். இதை அரசிடம் கேட்போம். கிடைக்கும் வரை ஒவ்வோர் ஆண்டும் இதே நாளில் கேட்போம்.